பஸ்காரியின் நாய்க்குட்டி

பலெர்மோவுக்கு மேலே இருக்கிற மலைகளில் முயல் வேட்டைக்குப் போய் நான் சந்தித்த ஆட்களில் ஒருவரும் எனக்குக் கெடுதல் செய்ததில்லை. எனக்கு வந்த எரிச்சல் முழுக்க வீட்டிலிருந்து நானே கூட்டிக்கொண்டு போன ஆளால் வந்தது. அவன் என் மனைவியின் தம்பி. என்னை அத்தான் என்று கூப்பிடுவான். பலெர்மோவின் ஒரேத்தோப் பகுதியில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். அவனுடைய அறைக்குப் பக்கத்து அறையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். வாசித்தால் வாசிக்கட்டும்.

தமிழன் ஒருவன் இத்தாலியில் துவக்கைத் தூக்கிக்கொண்டு முயலுக்குப் பின்னால் திரிகிறான் என்றால் எங்கள் ஆட்கள் சிரிக்கிறார்கள். ஊரில் நான் துவக்கைத் தொட்டதில்லை. அங்கே துவக்கு வைத்திருந்தவர்கள் முயலுக்காக வைத்திருக்கவில்லை. இங்கே வந்த பிறகு நான் வேலை செய்த வீட்டு ஐயா ஒரு வேட்டைக்காரர். அவருக்கு முழங்கால் பழுதான பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய பையையும் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு நானும் மலைக்குப் போனேன். முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். ஒரு விடியக்காலை, காய்ந்த புல்லுக்குள் ஐயாவின் நாய் சத்தமே இல்லாமல் நின்றது. காது இரண்டும் மேலே. ஒரு முன்கால் நிலத்தில் படவில்லை. அது மோப்பம் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

ஐயா செத்துப்போனார். அந்த நாய் அவருடைய மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டது. எனக்கு இத்தாலியப் பேப்பர் கிடைத்ததும் வேட்டை லைசென்சுக்குப் படித்தேன். முதல் தரம் சோதனையில் பெயில். அடுத்த தரம் பாஸ். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் எல்லா முத்திரையும் குத்தி முடிய, ஒரு பழைய இரட்டைக் குழல் துவக்கு வாங்கினேன். மனைவி கன நாள் என்னோடு கதைக்கவில்லை. துவக்கு வைக்கிற இரும்பு அலுமாரி எங்கள் குசினியில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதன் கைப்பிடியில் அவள் பிடிதுணி காயப்போடுகிறாள். வேண்டுமென்றுதான் போடுகிறாள்.

நாங்கள் வேட்டைக்குப் போகிற இடம் கொமூனேயின், அதாவது நகரசபையின், காணி. வேலி கிடையாது. ஆடு மாடு மேயும். முள்ளும் கல்லும் காட்டுச் சோம்பும்தான். லைசென்ஸ் உள்ள யாரும் வரலாம். யாரும் வரலாம் என்றால் சண்டையும் வரலாம்தானே. சண்டை வராமல் இருக்க அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. முதலில் வந்தவர் ஒழுங்கை தொடங்கும் இடத்தில் காரை விட வேண்டும். பிறகு வருகிறவர் அங்கே நின்று, எந்தப் பக்கம் போகிறாய் என்று கேட்பார். முதலில் வந்தவர் கையைக் காட்டுவார். மற்றவர் எதிர்ப்பக்கம் போவார். அவ்வளவுதான். துவக்கு வைத்திருக்கிற ஆட்கள் இப்படி ஒழுங்காக நடப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இந்த வழக்கம் எனக்கு முதல் நாள் தெரியாது. நான் தனியாகப் போன முதல் காலை அது, இன்னும் இருட்டு. காரை நிறுத்திவிட்டு சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு கார் வந்து நின்றது. துவக்கைத் தோளில் கொழுவின ஒரு ஆள் என்னிடம் வந்து, "எங்கே போறீங்கள்?" என்று கேட்டது.

எத்தனையோ வருடம் குவெஸ்தூரா வரிசையில் நின்றவன் நான். துவக்கோடு ஒரு ஆள் எங்கே போகிறாய் என்று கேட்டால் என் கை தானாகப் பொக்கெற்றுக்குள் போகும். அடையாள அட்டை, துவக்கு லைசென்ஸ், இன்சூரன்ஸ், வேட்டைக் கொப்பி எல்லாவற்றையும் எடுத்து காரின் பொனெற்றில் அடுக்கினேன். இங்கே தங்குவதற்குத் தந்த, காலாவதியான பழைய பெர்மெஸ்ஸோவும் பேர்சில் இருந்தது. அதையும் வைத்தேன்.

டோர்ச் வெளிச்சம் அந்தப் பெர்மெஸ்ஸோவில் இருந்த என் பழைய படத்தில் நின்றது.

"இந்தத் தலைமயிர் எல்லாம் எங்கே போட்டுது?"

அப்போதுதான் அது ஒரு பெண் என்று கண்டேன். என்னுடைய வயது இருக்கும். கட்டையான ஆள், தலையில் கம்பளித் தொப்பி.

"நான் பொலிஸ் இல்லை. பஸ் ஓட்டுறவள். நீங்கள் வலப்பக்கம் போனால் நான் இடப்பக்கம் போவன். அதுக்குத்தான் கேட்டனான்."

பிரான்காச்சோவுக்குப் போகிற பஸ். அங்கே மாடிக் கட்டடங்களில் படி கழுவுவதற்காக இவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு எத்தனை வருடம் போயிருக்கிறேன். முகத்தை வடிவாகப் பார்த்தது அன்றைக்குத்தான். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, சிஞ்ஞோரா" என்றேன், வேலை செய்கிற வீட்டு அம்மாவிடம் சொல்வது போல.

"சிஞ்ஞோராவோ? அது உங்களை வேலைக்கு வைச்சிருக்கிறவள். கடதாசியளை எடுங்கோ, காத்து அடிக்கப்போகுது."

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வேட்டைக் காலத்திலும் மலையில் எனக்கு நல்லதுதான் நடந்தது. பிரான்காச்சோவில் மோட்டார்சைக்கிள் பட்டறை வைத்திருக்கிற ஒருவன் இருக்கிறான். ஒருநாள் நான் சுட்ட முயல் உருண்டு கீழே பள்ளத்துக்குள் விழுந்துவிட்டது. நான் இறங்க முதல் அவனுடைய நாய் அதைக் கவ்விவிட்டது. சரி, போனது போனதுதான் என்று திரும்பினேன். அவன் அந்தப் பள்ளத்திலிருந்து கல்லைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறி வந்தான். மூச்சு வாங்கியது. முயலை என் முன்னால் போட்டான்.

"உங்கட வெடி. என்ர நாய். முயல் உங்களுக்கு."

நான் என் மனைவி பொரித்துத் தந்த ஆட்டிறைச்சி ரோல்ஸ் ஒன்றைக் கொடுத்தேன். கடித்தான். கண் கலங்கியது.

"இதுக்குள்ளையும் வெடிமருந்தோ?" என்று கேட்டுவிட்டு இன்னொன்று எடுத்தான்.

இப்படியான ஆட்கள்தான். ஆனால் எனக்கு அங்கே ஒரே ஒரு குறை. என்னிடம் நாய் இல்லை. நாய் இல்லாமல் முயல் வேட்டைக்குப் போவது மலையில் நடந்துவிட்டு வருவதுதான். பஸ்காரியிடம் இரண்டு நாய்கள் இருந்தன. சிர்னேக்கோ என்பார்கள், சிசிலியின் சொந்த நாய். மெலிந்த உடம்பு, மணல் நிறம், பெரிய நிமிர்ந்த காது. ஐயாவின் நாயும் அந்தச் சாதிதான். முயல் இருக்கிற பற்றைக்குள் தண்ணீர் போவது போலப் போகும். பஸ்காரியின் பெட்டை நாயைப் போல ஒன்று அந்த மலையில் இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். குட்டிகளை அவள் விற்பதில்லை. தனக்குப் பிடித்த ஆளுக்குக் கொடுப்பாள். பட்டறைக்காரனின் நாயும் அவள் கொடுத்ததுதான்.

எனக்கு அந்தப் பெட்டையின் குட்டி ஒன்று வேண்டும். இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. மூன்று வருடம் மனதுக்குள் வைத்திருந்தேன். சில ஞாயிறுகளில் தன் நாய்களுக்குப் பின்னால் நடக்க அவள் என்னை விடுவாள். "உங்கட கால் சத்தம் போடுறேல்லை" என்று ஒருநாள் சொன்னாள். நான் அன்றிரவு வீட்டில் கோழிக்கறியை நன்றாக இருக்கிறது என்று புகழ்ந்தேன். மனைவி சந்தேகமாகப் பார்த்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் மச்சான் மலைக்கு வந்தான்.

அவன் சின்ன வயதில் இங்கே வந்தவன். பலெர்மோப் பள்ளிக்கூடம். அவன் இத்தாலி கதைத்தால் சந்தையில் மீன் விற்கிறவன் கதைப்பது போல இருக்கும். ஒரு ரெஸ்ரோரண்ட் குசினியில் வேலை. "ஞாயிற்றுக்கிழமையில படுத்தே கிடக்கிறான், இவனையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று மனைவி சொன்னாள். கூட்டிக்கொண்டு போனேன். என் புத்தி.

ஒழுங்கை வாசலில் பஸ்காரியும் பட்டறைக்காரனும் நின்றார்கள். வழக்கம் போல, "எந்தப் பக்கம்?" என்று அவள் கேட்டாள். நான் கையைத் தூக்க முதல் இவன், "கோப்பி கிடைக்கிற பக்கம்" என்றான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு என் பையை இவனே திறந்து, "எங்கட வீட்டு ரோல்ஸ்" என்று நீட்டினான். பொரித்தது என் மனைவி. வெங்காயம் வெட்டினது நான். இவன் கட்டிலில் கிடந்தான். "நீ கொண்டுவந்ததோ? அருமை!" என்று பட்டறைக்காரன் அவனுடைய முதுகில் தட்டினான். இத்தனை நாளும் என் கையால் அதைத்தான் தின்றான்.

மத்தியானத்துக்குள் பஸ்காரி அவனை நீ என்று கூப்பிட்டாள். கொம்பா என்றாள். சொந்தக்காரனைப் போல நெருங்கின ஆளைத்தான் இங்கே கொம்பா என்பார்கள். எனக்கு இவ்வளவு காலமும் நீங்கள்தான். அதை நான் மரியாதை என்று நினைத்து சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் பார்த்தேன், அது விருந்தாளிக்கு எடுத்து வைக்கிற நல்ல கோப்பை மாதிரி. வீட்டு ஆட்கள் அதில் குடிப்பதில்லை.

அடுத்த வருடம் அவனும் லைசென்ஸ் எடுத்தான். ஒரே தரத்தில் பாஸ். துவக்கும் வாங்கினான். அவன் சுட்டால் முயலைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஆபத்து. ஒருநாள் பட்டறைக்காரனின் தண்ணீர்ப் போத்தலைச் சுட்டான், தள்ளிக் கல்லின் மேல் இருந்ததை. நான் அப்படிச் செய்திருந்தால் அன்றோடு மலை ஏற விட்டிருக்க மாட்டார்கள். இவன் செய்ததற்குப் போத்தலைக் கொண்டுபோய்ப் பட்டறைச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறார்கள். இப்போதும் தொங்குகிறது.

கார்த்திகை மாதம் ஒரு காலை. ஒரு பாறையில் இருந்தோம், நானும் பஸ்காரியும். மச்சான் தொலைபேசிக்கு சிக்னல் தேடி மேலே போயிருந்தான். பெட்டை நாய் காலடியில் படுத்திருந்தது. வயிறு தொங்கியது. பஸ்காரி பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றிக்கொண்டே, பெரிய விஷயம் இல்லாதது போலச் சொன்னாள்.

"இந்த முறை ஒரு குட்டி உங்களுக்கு. வேணுமோ?"

என் நெஞ்சு துள்ளியது. என் வாய் சொன்னது: "ஐயோ, வேண்டாம். உங்களுக்கு ஏன் கரைச்சல்."

எங்கள் ஆட்களுக்கு நான் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒரு வீட்டுக்குப் போகிறோம். தேத்தண்ணி வேணுமோ என்கிறார்கள். வேண்டாம் என்கிறோம். பிறகும் கேட்பார்கள். இப்பதான் குடிச்சனாங்கள் என்கிறோம். அதற்குப் பிறகு கேட்காமலே கொண்டுவந்து வைப்பார்கள். குடிப்போம். கேட்டவுடன் ஓம் என்றால் வளர்ப்புச் சரியில்லை என்று அர்த்தம். என்னை அடித்து வளர்த்த பழக்கம் இது. சிசிலிக்காரரும் சாப்பாட்டுக்கு அப்படித்தான், வேண்டாம் என்றால் கையில் திணிப்பார்கள். அதை நம்பித்தான் கெட்டேன்.

"சரி" என்றாள் பஸ்காரி. கோப்பியைக் குடித்தாள்.

நான் இரண்டாம் கேள்விக்குக் காத்திருந்தேன். அவள் கோப்பையை உதறினாள். சப்பாத்துக் கயிற்றை இறுக்கினாள். நான் நாயைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், திரும்ப நாயைப் பார்த்தேன். அவள் வானத்தைப் பார்த்து, மழை வராது என்றாள்.

மச்சான் இறங்கி வந்தான்.

"குட்டி ஒண்டு வேணுமோ, கொம்பா?"

"ரெண்டு தா."

"ஒண்டு."

"சரி ஒண்டு. பேர் நான்தான் வைப்பன்."

முடிந்தது. என் கையில் இருந்த கோப்பி இன்னும் ஆறவில்லை.

மலையால் இறங்கும்போது காருக்குள் அவன்தான் தொடங்கினான்.

"என்ன அத்தான், ஆரும் செத்த மாதிரி இருக்கிறியள்?"

"நீ ஏன்ரா ஓம் எண்டனி?"

"அவ கேட்டா. ஓம் எண்டன்."

"முதல் என்னட்டைத்தான் கேட்டவ."

"நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னனீங்களாம்."

"அது சும்மா சொன்னதடா!"

"சும்மா சொன்னது அவவுக்கு என்னெண்டு தெரியும்? அவ என்ன எங்கட பெரியம்மாவே?"

காரை நிறுத்தி இவனை இறக்கிவிட்டால் என்ன என்று யோசித்தேன். இறக்கினால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. பின்னால் வருகிற எவனும் கொம்பா என்று ஏற்றிக்கொண்டு வந்துவிடுவான்.

வீட்டில் மனைவி இரண்டு பக்கமும் கேட்டாள். கடைசியில் என்னிடம்தான் திரும்பினாள். "வாயைத் திறந்து கேக்கிறதுக்கென்ன? நித்திரையிலயும் நாய் நாய் எண்டு புலம்புறியள். அவ கேட்டால் மட்டும் வேண்டாம் எண்டு சொல்லுவியளாம்." பிறகு எங்கள் இருவருக்கும் சேர்த்து, "ஒரு நாயும் இந்த வீட்டுக்கை வரேலாது" என்றாள்.

குட்டிகள் பிறந்தன. மாசியில் தாயை விட்டுப் பிரிக்கலாம் என்று மச்சான் சொல்லித் திரிந்தான். படங்கள் அவனுடைய போனுக்குத்தான் வந்தன. சாப்பிடும்போது காட்டுவான். நான் பார்க்காதது போலப் பார்ப்பேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் வேலைக்குப் போகிற நேரத்துக்கு முன்பே போய் பஸ்காரியின் பஸ்ஸில் ஏறினேன். சாரதியோடு கதைக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிற பலகைக்குக் கீழேயே நின்றேன். முன் இருக்கையில் ஒரு கிழவி, மடியில் சியாகுல்லி ஊர்த் தோடம்பழம் ஒரு பை.

"அந்தக் குட்டி எனக்கு வேணும்" என்றேன்.

பஸ்காரி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "வேண்டாம் எண்டு சொன்னீங்கள்."

"அது மரியாதைக்குச் சொன்னது."

"மரியாதைக்கோ?"

சொன்னேன். தேத்தண்ணி, இரண்டாம் தரம், மூன்றாம் தரம், எல்லாம். சிவப்பு விளக்கில் பஸ் நின்றது. எனக்குப் பின்னால் நின்றவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

"என்ர மாமியாரும் அப்பிடித்தான்," என்றாள் தோடம்பழக் கிழவி. "வேண்டாம் வேண்டாம் எண்டே முழு வீட்டையும் எடுத்துக்கொண்டாள்."

பஸ்காரி சிரிக்கவில்லை. "நாய்க்குட்டியை நான் ஒருத்தரையும் ரெண்டாம் தரம் கேக்கிறேல்லை. கெஞ்சிக் குடுத்த நாய் பல்கனியிலதான் கட்டிக் கிடக்கும். அப்பிடி ஒண்டைப் போய்த் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்தனான். கழுத்தெல்லாம் புண். அதுக்குப் பிறகு ஒருக்கால்தான் கேப்பன்."

"நான் கட்டிப்போடமாட்டன்."

"தெரியும். அதுதான் முதல் உன்னட்டைக் கேட்டனான். இப்ப உன்ர மச்சானுக்குச் சொல்லிப்போட்டன். மாத்தேலாது. அடுத்த முறை அவள் குட்டி போட்டால்..."

"ஓம்" என்றேன்.

"நான் இன்னும் கேக்கேல்லை."

"பரவாயில்லை. ஓம்."

பஸ் முழுக்கச் சிரித்தது. கிழவி எனக்கு ஒரு தோடம்பழம் நீட்டினாள். வேண்டாம் என்று வாய்வரை வந்தது. வாங்கிக்கொண்டேன்.

"இறங்கு. நீ இறங்கிற ஹோல்ட் எப்பவோ போட்டுது" என்றாள் பஸ்காரி. அவள் நீ என்றதை இறங்கி நடக்கும்போதுதான் கவனித்தேன். மூன்று வருடமும் நான் அவளுக்கு நல்லவனாக நடந்து கிடைக்காதது, பஸ்ஸில் மானங்கெட்டு நின்றதும் கிடைத்தது.

குட்டி வந்தது. மச்சான் ஜக்கெற்றுக்குள் வைத்துக் கொண்டுவந்தான். வரேலாது என்ற மனைவி பழைய சேலையைக் கிழித்துப் படுக்கை போட்டாள். நான் தொடமாட்டேன் என்று முடிவெடுத்தேன். அந்த முடிவு அடுத்த நாள் காலை வரைதான். அவன் ரெஸ்ரோரண்ட் வேலை முடித்து வந்து விடிந்தும் படுத்துக் கிடப்பான். குட்டி கதவடியில் நின்று அழும். யார் கீழே கொண்டுபோவது? நான். சோற்றோடு மீன்தலை அவித்து முள் எடுத்துப் போடுவது? நான். கோடை முழுக்க சனம் எழும்ப முதல் ஒரேத்தோ ஆற்றங்கரையில் அதற்கு நடை பழக்கினது? நான். அவன் வைத்த பெயரை நான் சொல்வதில்லை. நான் நாக்கால் ஒரு சத்தம் போடுவேன், வரும்.

புரட்டாதியில் வேட்டை தொடங்கியது. நாயின் முதல் நாள். ஒழுங்கை வாசலில் எல்லாரும் நின்றார்கள். முள்ளுப் பற்றைக்குள் அது போன விதத்தைப் பார்த்து பட்டறைக்காரன் தொப்பியைக் கழற்றினான். முயல் என் பக்கம்தான் பாய்ந்தது. நான் சுட்டேன். ஒரே வெடி. நாய் கவ்வியது. தலையைத் தூக்கிக்கொண்டு என்னை நோக்கி ஓடி வந்தது. நான் குனிந்து இரண்டு கையையும் நீட்டினேன்.

என்னைத் தாண்டிப் போனது. எனக்குப் பின்னால் தூரத்தில் மச்சான் நின்றான். அவனுடைய காலில் போட்டுவிட்டு வாலை ஆட்டியது.

மலை முழுக்கக் கை தட்டினார்கள். பஸ்காரிக்குக் கண் நனைந்திருந்தது. பட்டறைக்காரன் என்னிடம் வந்து, "உங்கட வெடி. அவன்ர நாய். முயல் உங்களுக்கு" என்றான். நல்ல மனிதன். அவனுடைய மூக்கில் குத்த வேண்டும் போல இருந்தது. மச்சான் முயலைத் தூக்கிக்கொண்டு வந்து, "இந்தாங்கோ அத்தான்" என்று தந்தான். நக்கலடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

போன கிழமை பஸ்ஸில் ஏறி, "பெட்டைக்கு வயிறு?" என்று கேட்டேன். "இன்னும் இல்லை, கொம்பா. பொறு" என்றாள். பொறுக்கிறேன்.

இப்போது பின்னேரம். இந்த நாய் என் காலடியில்தான் கிடக்கிறது, தாடையை என் பாதத்தில் வைத்துக்கொண்டு. பாதம் விறைத்துவிட்டது. ஆனாலும் நான் அசைக்கவில்லை. இன்றைக்கு அவனுக்கு அரை நாள் வேலை. கீழே வாசற்கதவு அடிபடுகிறது. படியில் சப்பாத்துச் சத்தம். நாயின் காது இரண்டும் நிமிர்கின்றன. என் பாதத்தில் பாரம் குறைகிறது. அவன் திறப்பை இன்னும் கதவுப் பூட்டில் போடவில்லை, நாய் எழும்பிவிட்டது.